நாற்பது கூடை, நாற்பது பதில்

"…கோழிக்குன்னுதானேங்க சொன்னீங்க? கோழி எங்கீங்க பாய்ங்ணா?"

அவர் இப்படிக் கேட்டபோது அந்தப் பெரிய கூடத்தில் நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். கேட்டவர் ஒடிசா மலைப்பக்கத்துக் கோந்த் இனத்துக்காரர். ஷார்ஜாவில் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். பதில் சொல்ல வேண்டியவன் நான். அதே ஊர் ரோலா கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவன். என் பக்கத்தில் ஒரு கோயம்புத்தூர்க்கார அம்மா, ஹோட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பவர். எங்களுக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னும் மூன்று நாளில் திறக்கவிருந்த அந்த ஹோட்டலின் முதலாளி. வயதான அரபுக்காரர், எல்லோருக்கும் அர்பாப். எதிரே சுவர். சுவரில் நாற்பது மூங்கில் கூடைகள். நாற்பதும் காலி.

அந்தச் சுவர் அன்றைக்கு அர்பாபுக்குப் பிடித்துவிட்டால், கூடை முடைந்தவருக்கு அதே ஹோட்டலில் ஸ்டோர் வேலையும் விசாவும் கிடைக்கும். பிடிக்காவிட்டால் மாதக் கடைசியில் விசா கேன்சல், கையில் டிக்கெட், நேரே ஏர்போர்ட். அவருடைய கம்பெனியின் சைட் முடிந்து, ஆட்களை வரிசையாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் பிரம்மபூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு வருசம் மட்டும் நான் இங்க நிக்கோணுமுங்க. அப்புறம் அவ நின்னுக்குவா" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். அதனால்தான், அங்கே போனதும் வாயைத் திறக்காதே, கேட்டால் ஹிந்தியில் 'அச்சா ஹை', நன்றாக இருக்கிறது, என்று மட்டும் சொல் என்று படித்துப் படித்துச் சொல்லி அழைத்து வந்திருந்தேன். அவரும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். கோழி கெடுத்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். சொன்னால்தான் இதில் என் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் என் கடை மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பேசியவர்களிடம்தான். யாராவது நன்றாக ஒன்று சொன்னால் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். ஒரு பெஷாவர்க்கார டிரைவர் தன் வண்டி ஏசியைப் பற்றி, "இது என் மாமனார் மாதிரி பாய், சத்தம் வரும், வேற ஒண்ணும் வராது" என்றது அப்படி எழுதி வைத்ததுதான். என் வீட்டுக்காரிக்கு இந்தத் தாள்களைக் கண்டாலே ஆகாது. "ஊரு பேசுறதையெல்லாம் எழுதி வைக்கிறீங்க, நான் வாங்கிட்டு வரச் சொன்ன சாமானை எழுத ஒரு தாள் இல்ல" என்பாள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தக் கோந்த்துக்காரர் என் கடைக்கு முதன்முதலில் வந்தது ஒரு கத்திக்காக.

"ஏனுங்க, கத்தி இருக்குங்களா? வெங்காயம் அரியற கத்தி வேண்டாமுங்க. மூங்கில் பொளக்கறாப்பல ஒண்ணு."

ஆளைப் பார்த்து ஹிந்திக்குத் தயாராகியிருந்த என் நாக்கு அப்படியே நின்றுவிட்டது. நம் பக்கத்து முகமும் இல்லை, என் ஊர்ப் பேச்சும் இல்லை. எந்த ஊர் தம்பி என்றேன். ஒடிசாங்க என்றார். அப்புறம் இந்தத் தமிழ்?

"திருப்பூருங்க. பனியன் கம்பெனியில பதினோரு வருசமுங்க. காலர் வைக்கற லைனுங்க."

இனம் கோந்த் என்றார். கோந்த் என்றால் மத்தியப் பிரதேசத்துக் கோண்டுகள்தானே என்று எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொண்டேன். "எல்லாரும் அப்புடித்தானுங்க கேக்கறாங்க. அவிங்க வேறீங்க, நாங்க வேறீங்க" என்றார், பலநூறு தடவை சொன்ன அலுப்புடன். வீட்டில் பேசுவது குயி என்ற பாஷையாம். அதில் கண்ணுக்குக் கனு என்பார்களாம். "அப்ப நீ நமக்குச் சொந்தக்காரன்லப்பா" என்றேன். "சொந்தம்னா கத்தி வெலையில கொறைப்பீங்களா?" என்றார். நாள்காட்டியில் அன்றைய தேதியே போய்விட்டது.

கத்தி எதற்கு என்றால், கேம்ப் மெஸ்ஸில் வெங்காயம் அழுகுகிறதாம். "பிளாஸ்டிக் கூடையில அடைச்சு வச்சா அது எப்புடீங்க மூச்சு விடும்? ஒரு கூடை முடைஞ்சு குடுத்தாத் தேவலைங்க" என்றார். பிளாஸ்டிக் கூடைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த என் கடையின் நட்டநடுவில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். மனிதருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, இருப்பதைச் சொன்னார். போகிறபோது, நான் புதிதாகத் தருவித்திருந்த மூங்கில் தட்டு ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வரிசையாக ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. விரலால் தடவிவிட்டு, "ஆபரேசன் பண்ணித் தையல் போட்டாப்பல இருக்குதுங்க" என்று சொல்லி, நோயாளியைக் கிடத்துகிற பக்குவத்தோடு திரும்ப வைத்தார்.

அடுத்த வாரம் அந்தக் கோயம்புத்தூர் அம்மா வந்தார். என் கடைக்குப் பழைய வாடிக்கை. கணவர் எஞ்சினியர், துபாயில் வேலை. கார்னிஷ் கடற்கரைப் பக்கம் ஓர் அரபுக்காரர் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறக்கிறார், அலங்காரம் தன் பொறுப்பு என்று சொல்லிப் போனில் ஒரு படம் காட்டினார். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு ஹோட்டலின் சுவர். முழுக்கக் கூடைகள்.

"இந்த மாதிரி நாப்பது வேணும் பாய். ஆனா கடையில வாங்கின மாதிரி இருக்கக் கூடாது. ஆத்தென்டிக்கா இருக்கணும். ட்ரைபல்."

"ட்ரைபல்னா மேடம்?"

"மலையில, காட்டுல இருக்கறவங்க கையால பண்ணது."

"அப்படி ஒருத்தர் இருக்காரு மேடம். ஆனா இப்ப அவரு இருபத்தெட்டாவது மாடியில இருக்காரு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றார். நல்ல மனசுக்காரர், அதைச் சொல்லியே ஆகவேண்டும். கூடை முடைகிறவருடைய விசா நிலவரத்தைக் கேட்டதும், அர்பாப் ஸ்டோருக்கு ஆள் தேடுகிறார், சுவர் நன்றாக அமைந்தால் தானே பேசுவதாக வாக்குக் கொடுத்தது அவர்தான். ஆனால் ஆளை நேரில் பார்த்தபோது கொஞ்சம் தடுமாறிவிட்டார். மலைவாசியைப் பார்க்கப் போகிறோம் என்று முகத்தை அதற்கேற்ப மெதுவாக வைத்துக்கொண்டு, கைகூப்பி, ஹிந்தியில் ஆரம்பித்தார். இவர் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துவிட்டு, "வாங்கம்மிணி. நல்லாருக்கீங்களா? எந்தூருங்க, பீளமேடுங்களா, சிங்காநல்லூருங்களா?" என்றார்.

அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாய், இவர் நிஜமாவே ட்ரைபலா? எங்க சின்ன அத்தை மாதிரியே பேசறார்!"

"உங்க அத்தை கூடை முடைவாங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப இவருதான்."

மூங்கிலுக்கு எங்கே போவது என்று நான் பயந்ததெல்லாம் வீண். அஜ்மானில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வில்லாவில் வேலி ஓரமாக மூங்கில் வளர்ந்து அடுத்த வீட்டு ஏசியில் இடித்துக்கொண்டிருந்தது. அங்கே தோட்ட வேலை செய்பவர் எங்கள் ஊர்க்காரர். வெட்டிக்கொண்டு போனால் போதும் என்றார். நம்மாள் ஒரு கழியை வளைத்துப் பார்த்தார், முகர்ந்தார், நுனியைக் கடித்துத் துப்பினார்.

"பங்களா மூங்கிலுங்க. கேக்காமயே தண்ணி கெடைச்சு வளந்திருக்குது. சவசவன்னு இருக்குதுங்க. பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். புகை காட்டோணுமுங்க."

ஊரில் என்றால் கூடையை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிடுவார்களாம். அஜ்மானில் அடுப்புக்கு மேலே சிம்னி, சிம்னிக்கு மேலே முனிசிபாலிட்டி. கடைசியில் எங்கள் தெருமுனை கிரில் சிக்கன் கடைக்காரரிடம் கெஞ்சி, கரி அடுப்புக்குப் பின்னால் இருந்த கம்பியில் தொங்கவிட இடம் வாங்கினேன். பிற்பாடு அந்த அம்மா ஒரு கூடையை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு, "காட்டுப் புகை!" என்றார். நான் மறுக்கவில்லை. கோழியும் ஒரு காலத்தில் காட்டில் இருந்ததுதானே.

அப்படியாக மூங்கில் வந்தது, இடம் வந்தது. இடம் என்றால் என் வீட்டுப் பின்முற்றம். பழைய வில்லாவை நான்காகத் தடுத்து வாடகைக்கு விட்டதில் எங்கள் பங்குக்கு வந்த சிமெண்டுத் தரை. டூட்டி முடிந்து சாயங்காலம் பஸ் பிடித்து வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுவார். மூங்கிலைப் பிளந்து, பட்டை பட்டையாகச் சீவி, தண்ணீரில் ஊறப் போட்டு, எல்லாம் தயார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு பட்டையைக் குறுக்கே வைத்தவர் தலையைத் தூக்கினார்.

"சொல்லுங்க பாய்ங்ணா. உள்ள என்ன போகும்?"

"ஒண்ணும் போகாதுப்பா. சும்மா சுவத்துல மாட்டுறதுக்குத்தான்."

சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் சிரிப்பும் நின்றது. கையிலிருந்த பட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் போகாத கூடைக்கு அடி எந்தப் பக்கமுங்க?"

உள்ளே ஓடிப்போய் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவர் பிடிவாதக்காரர் இல்லை. செய்யமாட்டேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவருடைய கைக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே போவது கேழ்வரகா கீரையா என்று தெரிந்தால்தான் கண் எவ்வளவு விடுவது, பட்டை எவ்வளவு அகலம், மூங்கிலின் வழவழப்பான தோல்பக்கம் உள்ளேயா வெளியேயா என்றெல்லாம் முடிவாகும். அவருடைய அப்பாவும் அப்படி, ஊரில் எல்லோரும் அப்படி. யாரும் வெறும் கூடை முடைந்ததில்லை. வீட்டுக்கு இன்னது வேண்டும் என்று வந்தபிறகுதான் காட்டுக்கே போவார்கள். முதல் நாள் ஒரு பட்டைகூட ஏறாமல் பஸ் ஏறிப் போனார். இரண்டாம் நாளும் அப்படியே. திறப்பு விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவருடைய விசாவுக்கும் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி கேட்டார். அப்போது தெருமுனையிலிருந்து கிரில் கடை வாசனை வந்தது.

"கோழி" என்றேன்.

"எத்தனை கோழிங்க?"

"ஒண்ணு."

"நாட்டுக்கோழிங்களா, பிராய்லருங்களா?"

"நாட்டுக்கோழி."

"தூக்கிட்டுப் போறதுக்கா, அடைச்சு வைக்கறதுக்கா?"

எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு கேள்வி யாரும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போவதற்கு என்றேன். அவ்வளவுதான், பட்டைகள் ஓட ஆரம்பித்தன. ஆறு மூலையும் சமமாக விழுந்த கண்கள், வயிறு அகலம், வாய் குறுகல். "மூச்சு விடோணுமுங்க. ஆனா தலை வெளிய வரக் கூடாது. வந்துச்சுன்னா பஸ்ஸுல பக்கத்து ஆளு சட்டையைக் கொத்திப் போடும்" என்று எனக்கு விளக்கம் வேறு. நாட்டுக்கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு அஜ்மானிலிருந்து ரோலாவுக்கு எந்தப் பஸ்ஸில் போவது என்று நான் கேட்கவில்லை. பொய் சொன்னவன் அதிகம் கேட்கக் கூடாது.

ஒரு பொய்யோடு நாற்பதையும் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது கூடைக்கும் கேட்டார். "அதுவும் கோழிதான்" என்றால், "ரெண்டு கோழியை ஒரே கூடையில போடலாமுங்களே, எதுக்கு ரெண்டு?" என்றார். நியாயம்தானே. எனவே எலுமிச்சை என்றேன். மூன்றாவது வெங்காயம். நான்காவது காய்ந்த மிளகாய். அதற்குச் சல்லடை போல நெருக்கமாகப் பின்னி, "வெதை சிந்தக் கூடாதுங்க, காரம் வெளிய வரக் கூடாது" என்றார். பேரீச்சம்பழத்துக்குப் பிசுக்கு ஒட்டாமல் தோல்பக்கத்தை உள்ளே வைத்தார். முட்டைக்கு, பூண்டுக்கு, ரொட்டிக்கு, கருவாட்டுக்கு. நான் நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர் எதையெதைப் போட்டு வைக்க டப்பா வாங்குகிறார்கள் என்று பார்த்து, சாயங்காலத்துக்குப் பதில் சேகரித்துக்கொண்டு போனேன்.

"பாவம், அந்த மனுசன் நம்பிக் கேக்குறாரு" என்றாள் என் வீட்டுக்காரி, சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே வந்ததும். "நாப்பது கூடைக்கு நாப்பது பொய். இதை எந்தத் தாள்ல எழுதுவீங்க?"

"சொன்னாத்தானே வேலை ஓடுது. அவரு விசாவுக்குத்தான் இவ்வளவும்."

"என்னைக்காச்சும் வந்து பாத்தா?"

"சுவத்துல மாட்டுன பெறகு யாரு பாக்கப் போறா?"

முப்பதைத் தாண்டியதும் என் கற்பனை வற்றிவிட்டது. அன்றைக்கு என் மகள் வந்து, தெருவில் திரியும் பூனையைக் காட்டி, "வாப்பா, ஒன் ஃபார் த கிட்டி, ப்ளீஸ்" என்றாள். பூனை என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ப் பக்கம் படுத்திருந்த பூனையை ஒரு பட்டையால் தலையிலிருந்து வால் வரை அளந்து வந்தார். ஊரில் பூனைக்கு யாரும் கூடை போட்டதில்லையாம், ஆனால் இங்கே எல்லாம் நடக்குமே என்று தானே சமாதானம் செய்துகொண்டார். "தூங்கறதுக்குங்க. அதனால அடி மெத்துன்னு இருக்கோணும்" என்று உட்பக்கம் இன்னொரு பின்னல் போட்டார்.

நாற்பதும் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா பார்க்க வந்தார். படத்தில் இருந்தவை எல்லாம் ஒரே அச்சு. இவை ஒன்றுபோல் ஒன்றில்லை. திட்டு விழப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரோ உருகிப்போனார். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்டோரி இருக்கு பாய்!" என்றார். கீழே ஒரு கார்டில் அந்தக் கதையை எழுதி ஒட்டலாம் என்று, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதோட ஸ்டோரி என்னங்க?"

"கோழிக்குங்க அம்மிணி."

"இல்ல, உங்க ஆளுங்க நம்பிக்கை மாதிரி, ஏதாவது?"

"கோழிக்குத்தானுங்க. மூச்சு விடோணும்."

அவர் 'மூச்சு' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். மிளகாய்க் கூடைக்குக் 'காரம்'. பூனைக் கூடைக்குத் 'தூக்கம்'. வீட்டுக்குப் போய் என்ன செய்தாரோ, கார்டுகள் இங்கிலீஷிலும் அரபியிலும் பளபளவென்று அச்சாகி வந்தன. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். கோழிக் கூடை: மூதாதையரின் மூச்சைச் சுமப்பது. மிளகாய்க் கூடை: மலையின் கோபத்தை அடக்குவது. பூனைக் கூடை: கனவுகள் உறங்குவது.

கோந்த்துக்காரருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் படித்துச் சொல்லவில்லை. என்னுடைய நாற்பதைவிட அந்த அம்மாவுடைய நாற்பது எவ்வளவோ அழகாக இருந்தது என்பது ஒரு காரணம். விசா இன்னொரு காரணம்.

மறுபடி அந்தக் கூடத்துக்கு வருகிறேன். அவர் நன்றாக இஸ்திரி போட்ட, காலர் வைத்த பனியன் சட்டையில் வந்திருந்தார். தலையில் ஒரு துண்டு கட்டிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று அந்த அம்மா சொன்னதற்கு, "சைட்டுல ஹெல்மெட்டே போதுமுங்க" என்று மறுத்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு கூடையாகக் கண் நகர்ந்தது. கூடைகள் வாயை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஆணியில் தொங்கின. எலுமிச்சை வைத்தால் உருண்டு விழும். அவர் மனத்தில் இந்த ஹோட்டலைப் பற்றி ஒரு படம் இருந்திருக்கிறது: பெரிய சமையல்கட்டு, நாற்பது சாமான், நாற்பது கூடை, அதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தான். அந்தப் படத்துக்குச் சொந்தக்காரன் நான். வாரக்கணக்காக அவருக்குச் சொன்னது நான்தானே.

அதனால்தான், 'அச்சா ஹை' என்று சொல்லவேண்டிய இடத்தில், என் பக்கம் திரும்பிக் கோழி எங்கே என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோழி வரத் தாமதமாகிவிட்டதோ என்பது போலத்தான் கேட்டார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"க்யா போலா?" என்றார் அர்பாப், என்ன சொன்னான் என்று.

"சுவர் ரொம்ப நல்லாருக்குன்னு சொல்றாரு அர்பாப்" என்றேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில்.

"அவன் இவ்வளவு நீளம் சொன்னான். நீ இவ்வளவு சின்னதாச் சொல்ற" என்றார், கையால் அளந்து காட்டி. பழைய பம்பாய் வியாபாரி. அவருடைய ஹிந்தி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. என்னைத் தாண்டி நம்மாளிடமே கேட்டார். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார், அர்பாபைப் பார்த்தார். கோழியை ஹிந்தியிலேயே சொல்லிவிட்டார்.

"முர்கி, அர்பாப். இது முர்கிக்கு. பாய்தான் சொன்னாரு."

அர்பாப் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவருக்குக் கிட்டே போய்க் கார்டைப் படித்தார். மூதாதையரின் மூச்சு. கூடையைப் பார்த்தார். மறுபடி கார்டை.

"யாரோட மூச்சு?"

"முர்கியோடது, அர்பாப்."

அந்த அம்மா, "சார், அது ஒரு உருவகம்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அர்பாப் அடுத்த கூடைக்குப் போனார். இது? எலுமிச்சை. இது? மிளகாய். மலையின் கோபத்தை ஒருமுறை படித்துவிட்டு, "மிளகாய்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இது? இவர் கொஞ்சம் தயங்கி, "பில்லி" என்றார்.

"பூனையா? என் ஹோட்டல்லயா?"

முடிந்தது என்று நினைத்தேன். பிரம்மபூரில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணை, முகம்கூடத் தெரியாமல், அந்த நிமிஷம் நினைத்தேன். என் மகளைக் கொஞ்சம் திட்டவும் செய்தேன்.

அர்பாப் திரும்பி முதலில் பார்த்த கூடைக்கே வந்தார். கோழிக் கூடையின் கண்ணுக்குள் ஒரு விரலை விட்டு எடுத்தார்.

"என் ஸ்டோர்ல வெங்காயம் வந்து மூணு நாள்தான் ஆச்சு. அடியில இருக்கறது அழுகுது. ஏன்?"

"மூட்டையோட வச்சிருப்பீங்க, அர்பாப். மூச்சு இல்ல."

"அடுத்த ரூம்தான் ஸ்டோர்" என்றார் அர்பாப், தாடையால் காட்டி.

"சார், இது ஆர்ட்…" என்றார் அந்த அம்மா.

அதற்குள் நம்மாள் மூலையில் பெயிண்டர் விட்டுப் போயிருந்த ஏணியைச் சுவரில் சாத்தி, இருபத்தெட்டு மாடி ஏறுகிறவருக்கு இது எம்மாத்திரம் என்கிற மாதிரி இரண்டே எட்டில் ஏறி, கோழிக் கூடையை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு இறங்கினார். கார்டு பறந்து தரையில் விழுந்தது. அதை எடுத்துப் பத்திரமாக அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே போனோம்.

ஸ்டோரில் முதலில் ஃப்ரீசரைத் திறந்தார். சொன்ன சொல்லுக்கு ஒரு கோழியாவது கிடைக்காதா என்று பார்த்தார் போலிருக்கிறது. கல்லாக உறைந்த ஒரு கோழியை வெளியே எடுத்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கூடையின் வாயருகே ஒருமுறை பிடித்துப் பார்த்தார். "இது மூச்சு விடாதுங்க பாய்ங்ணா" என்றார் என்னிடம். அதை இருந்த இடத்திலேயே வைத்து மூடினார். பிறகு வெங்காய மூட்டையின் தையலைப் பிரித்துத் தரையில் கொட்டி, உட்கார்ந்து, அழுகியதை ஒருபக்கம் நல்லதை ஒருபக்கம் ஒதுக்கி, நல்லதைக் கோழிக் கூடையில் நிரப்பினார். நிரப்பி, ஒரு குலுக்குக் குலுக்கி, காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தூக்கி வைத்தார், அடியிலும் காற்றுப் போகட்டும் என்று.

வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த அர்பாப், "திங்கட்கிழமை இவனோட பதாக்கா காப்பியை டைப்பிங் சென்டர்ல குடு" என்றார் என்னிடம். பதாக்கா என்றால் அடையாள அட்டை. அது கேட்டால் விசா என்று அர்த்தம். நான் சந்தோஷத்தில், தம்பி கேட்டாயா என்று திரும்பினேன்.

அவர் அங்கே இல்லை. கூடத்தில் ஏணியை எலுமிச்சைக் கூடைக்கு நேராக நகர்த்திக்கொண்டிருந்தார்.